மூன்று சாயப்பட்டறைகள், ஒரே ஆறு: இடையூறு காலத்தில் விநியோகச் சங்கிலியைக் காப்பது எப்படி?

திருப்பூரில் 60 தையல் இயந்திரங்களுடன் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். நூல் விலை, செங்கடல் கப்பல் சிக்கல், அமெரிக்க வரி என்று ஆண்டுக்கு ஓர் அடி விழுந்துகொண்டே இருப்பதால், மூன்று மாதத்துக்கான நூலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லதா என்பது முதல் கேள்வி. எல்லாப் பொருளுக்கும் இரண்டு சப்ளையர்களை வைத்துக்கொண்டால் போதுமா என்பது இரண்டாவது. அப்படிச் செய்யும் ஏற்பாடு உண்மையில் கைகொடுக்குமா என்பதை அடி விழுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பது மூன்றாவது. இதே ஊரில் கொள்முதலிலும் உற்பத்தித் திட்டமிடலிலும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முதல் இரண்டுக்கும் விடை அதற்குள்தான் கிடைக்கும்.

முதலில் நூலை எடுத்துக்கொள்வோம். உங்கள் யூனிட் நாளொன்றுக்கு 3,500 டி-சர்ட் தைக்கிறது, கழிவு உட்பட ஓர் உருப்படிக்கு 170 கிராம் நூல் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 600 கிலோ வேண்டும். மூன்று மாதத்தில் 75 வேலைநாள் என்றால் 45 டன். கிலோ 300 ரூபாய் என்று கணக்கிட்டால் 1 கோடியே 35 லட்சம் ரூபாய் கிடங்கில் முடங்கும். 10 விழுக்காடு வட்டிக்கு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் வட்டி மட்டும் போகும். இவ்வளவுக்குப் பிறகும், அடுத்த ஆர்டர் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 30ஆம் நம்பர் கோம்ப்டு (சீவிய பஞ்சில் நூற்ற) நூலுக்கே வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பையர், அதாவது நம்மிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், அடுத்த சீசனுக்குச் சற்றுத் தடித்த 24ஆம் நம்பர் கேட்கலாம், பாலியஸ்டர் கலப்பு கேட்கலாம், பல நிற இழைகள் கலந்த மெலாஞ்ச் கேட்கலாம்.

2022இல் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சின் விலை அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஏப்ரல் 14 முதலே மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரியை நீக்கியிருந்தும் விலை உடனே இறங்கவில்லை. மே மாதத்தில் திருப்பூரே கடையடைத்துப் போராடியது. இன்னும் ஏறும் என்று பயந்து உச்சத்தில் வாங்கிக் குவித்தவர்கள், ஆண்டு முடிவதற்குள் விலை பெருமளவு சரிந்தபோது பெரிய நட்டத்தைச் சுமந்தார்கள். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கோவை, திண்டுக்கல், இராஜபாளையம், உடுமலை என்று சுற்றிலும் மில்கள் இருக்கும் நமக்கு நூல் விலை ஏறும், தாமதமாகும், தரம் மாறும். ஆனால் நூலே கிடைக்காமல் யூனிட் மூடிக் கிடப்பது அரிது. விலை ஏறுவது ஒரு நோய், பொருள் வராமல் நிற்பது வேறொரு நோய். முதல் நோய்க்கு மருந்து, ஆர்டர் எடுக்கும்போதே அதற்கான நூலை விலை பேசி முடித்துக்கொள்வதுதான். கிடங்கை நிரப்புவதால் இரண்டாவது நோயும் தீராது, ஏனென்றால் யூனிட்டை நிறுத்தும் பொருள் பெரும்பாலும் நூலாக இருப்பதில்லை.

அது எதுவாக இருக்கும் என்பதை இந்த ஊர் 2011 ஜனவரி 28 அன்று கற்றுக்கொண்டது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பதை எதிர்த்து, அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதைப் பார்த்தவர்கள் எவரும் அந்த விவசாயிகளின் பக்கம் இருந்த நியாயத்தை மறுக்க முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்று நூல் இருந்தது, நிட்டிங் மெஷின்கள் ஓடின, தையல்காரர்கள் வேலைக்கு வந்தார்கள், பையர் ஆர்டரும் கையில் இருந்தது. ஆனால் பின்னிய துணி சாயமேறாமல் வெள்ளையும் பழுப்புமாக ரோல் ரோலாக நிட்டிங் கூடங்களில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிக் கிடந்தது. அடுத்த சில வாரங்களில் அந்த ரோல்கள் லாரிகளில் ஏறி வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போயின. திரும்பி வந்த துணியில் ஒரே ஆர்டருக்குள் மூன்று நீலம் இருந்தது. கட்டிங் மேசையில் ஷேடு (நிறச்சாயல்) வாரியாகப் பிரித்துப் பிரித்தே நாட்கள் போயின.

அந்த நாட்களில் என்னோடு பேசிய ஒரு கம்பெனி முதலாளி, தன்னிடம் மூன்று சாயப்பட்டறைகள் இருந்தும் தப்பிக்க முடியவில்லையே என்று வருந்தினார். அவர் கவனக்குறைவானவர் இல்லை. ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்று புரிந்துகொண்டு, ஆர்டரை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவந்தவர். ஆனால் அந்த மூன்று பட்டறைகளும் ஒரே ஆற்றின் கரையில், ஒரே வழக்கின் கீழ், ஒரே உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றன. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: சப்ளையர்களின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள், அவர்கள் எதன்மீது நிற்கிறார்கள் என்று பாருங்கள். எந்தத் தண்ணீர், எந்தச் சுத்திகரிப்பு நிலையம், எந்த மின்பாதை, எந்தத் துறைமுகம், யாருடைய கடன் என்று கேட்டுப் பார்த்தால், பட்டியலில் மூன்றாகத் தெரிவது பல இடங்களில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதே 2011இன் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் உலகின் கணினி நிறுவனங்கள் இதே பாடத்தைப் படித்தன. ஹார்டு டிஸ்க்கை ஒன்றுக்கு மேற்பட்ட உற்பத்தியாளர்களிடம் வாங்கியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். தொழிற்சாலைகளும் அவற்றுக்கு மோட்டாரும் உதிரி பாகங்களும் கொடுத்தவர்களில் பலரும் சாவோ பிரயா ஆற்றின் அதே வெள்ளச் சமவெளியில் இருந்ததால், ஹார்டு டிஸ்க் விலை உலகெங்கும் ஏறியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011இன் உத்தரவு வானத்திலிருந்து விழவில்லை. கழிவுநீரை வெளியேற்றாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலைக்கு மாறும்படி உயர் நீதிமன்றம் 2006இன் இறுதியிலேயே உத்தரவிட்டிருந்தது. 2009இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தக் கடமை உறுதியானது. நான்கு ஆண்டுகள் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த ஒரு வழக்கை, ஏற்றுமதியாளர்களில் பலர் அது பட்டறைக்காரர்களின் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நம் வேலையை நிறுத்தக்கூடிய செய்தி நம் தொழிலைப் பற்றிய செய்தியாகவே வருவதில்லை; சப்ளையரின் சப்ளையரைப் பற்றிய செய்தியாக, சில நேரம் ஓர் ஆற்றைப் பற்றிய செய்தியாக வருகிறது.

சப்ளையருக்குப் பின்னால் நிற்பவரைத் தெரிந்துகொள்ளாத குறை சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது, அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் சில கறுப்பு, சிவப்பு நிறங்களில் கார் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெயின்ட்டுக்கு மினுமினுப்பு தரும் சிராலிக் என்ற நிறமியை ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் உலகிலேயே ஒரே ஓர் ஆலையில், ஃபுகுஷிமா மாவட்டத்து ஓனஹாமாவில், தயாரித்துவந்ததுதான் காரணம். கார் நிறுவனம் பெயின்ட் வாங்கியது, பெயின்ட் நிறுவனம் நிறமி வாங்கியது. நிறமி எங்கிருந்து வருகிறது என்பது காரை விற்பவரின் கண்ணுக்கு எட்டவில்லை. நம்முடைய சங்கிலியிலும் இப்படிப்பட்ட முடிச்சுகள் உண்டு. சாயப்பட்டறைக்குச் சாயம் குஜராத்திலிருந்து வருகிறது. அந்தச் சாயத்துக்கான மூலப்பொருட்களில் சில சீனாவிலிருந்தும் வருவதால், அங்கே சுற்றுச்சூழல் கெடுபிடியில் ஆலைகள் மூடப்பட்டபோதெல்லாம் இங்கே சாய விலை ஏறியிருக்கிறது. 2020இல் நம் நாட்டில் ஊரடங்கு வருவதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, சீனாவிலிருந்து வரவேண்டிய ஜிப்பும் பட்டனும் லேபிளும் வராமல் பல யூனிட்டுகள் தவித்ததை மறந்துவிடக் கூடாது.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். எந்த முடிச்சு உங்களை நிறுத்தும் என்று கண்டுபிடிக்க இரண்டே எண்கள் போதும். ஒரு சப்ளையர் இன்று நின்றுவிட்டால், அவரோ அவருக்கு மாற்றாக இன்னொருவரோ பொருளைத் திரும்பக் கொடுக்க எத்தனை நாள் ஆகும் என்பது முதல் எண். அதுவரை கையிருப்பைக் கொண்டு எத்தனை நாள் ஷிப்மென்ட் தவறாமல் ஓட்ட முடியும் என்பது இரண்டாவது எண். முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் இடமெல்லாம் உங்கள் பலவீனம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் சிம்சி-லெவி இந்த முறையை வகுத்து ஃபோர்டு நிறுவனத்தில் பயன்படுத்தினார். வெள்ளமா, தீயா, வேலைநிறுத்தமா என்று காரணத்தை ஊகிக்கத் தேவையில்லாமல், எதனால் நின்றாலும் என்ன ஆகும் என்று மட்டும் கேட்பது இந்த முறையின் சிறப்பு. ஃபோர்டில் தெரியவந்த உண்மையும் கவனிக்கத்தக்கது: அதிகப் பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைவிட, யாரும் பொருட்படுத்தாத மலிவான சிறு பாகங்களில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது.

இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் ஒன்று, 11,000 உருப்படி. துணி சரியான ஷேடில் வந்துவிட்டது, கட்டிங் முடிந்து தோள் இணைத்து, கழுத்துக்கு ரிப் வைத்து, கையும் ஏற்றியாகிவிட்டது. அடுத்து இரண்டு பக்கத்தையும் மூட வேண்டும். ஆனால் சலவைக் குறிப்பு அச்சிட்ட வாஷ் கேர் லேபிள், இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கத் தையலுக்குள் சொருகித்தான் வரவேண்டும். லேபிள் இல்லாமல் பக்கத்தை மூட முடியாது. அந்த லேபிளைப் பையர் நியமித்த ஒரே அச்சகத்திடம்தான் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த அச்சகம் இருந்த ஊரில் மழைநீர் புகுந்து இயந்திரங்கள் நின்றுவிட்டன. விரல் நீளமே உள்ள, ஐம்பது பைசாகூடப் பெறாத ஒரு சாட்டின் துண்டுக்காக, பக்கம் திறந்த 11,000 சட்டைகள் பவர் டேபிள்களின் அடியில் மூட்டை மூட்டையாக ஒன்பது நாள் கிடந்தன. லைனில் இருந்த தையல்காரர்களுக்கு வேறு வேலை கொடுக்க முடியாமல் பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். கடைசியில் கப்பலை விட்டு விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அந்தக் கட்டணத்தில் கரைந்தது. சட்டையின் விலையில் பாதிக்கு மேல் நூலும் துணியும்தான் என்பதால் எங்கள் கவனம் முழுவதும் அங்கேயே இருந்தது. லேபிளுக்கு இரண்டாவது அச்சகத்தைப் பையரிடம் கேட்டு வாங்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், அடுத்த சீசனில் கேட்டவுடன் கொடுத்தார்கள்.

ஆகவே, 1 கோடியே 35 லட்சத்துக்கு நூல் வாங்குவதற்குப் பதில், அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் செய்யக்கூடிய ஏற்பாடுகள் உண்டு. எலாஸ்டிக், வெள்ளை, கறுப்புத் தையல் நூல், ஊசி, பாலிபேக் போன்ற மலிவான, கெட்டுப்போகாத, எல்லா ஆர்டருக்கும் பொதுவான பொருட்களை இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். துணியில் இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்றால், சாயமேற்றுவதற்கு முந்தைய நிலையில், நீங்கள் அடிக்கடி எடுக்கும் ஒரு நம்பரில், ஒரு ஜி.எஸ்.எம்.மில் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணி எடையில்) வையுங்கள். வெள்ளைத் துணி எந்த நிறமாகவும் மாறும். நீலத் துணி நீலமாகவே இருக்கும். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் ஸ்வெட்டரை முதலில் நிறமில்லாமல் பின்னிவிட்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயமேற்றியதும் இதே யோசனைதான். பொருளின் மதிப்பும் அடையாளமும் கூடக் கூட அதைத் தேக்கி வைப்பதன் ஆபத்தும் கூடும்.

இருப்பு வைப்பதைப் பற்றிப் பேசும்போது டொயோட்டாவின் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டும் என்ற முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்த நிறுவனம், 2011 நிலநடுக்கத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை மாதக்கணக்கில் நின்றபோது பாடம் படித்தது. அதன் பிறகு தன் சப்ளையர்களின் சப்ளையர்கள் வரை பட்டியல் திரட்டியது. மீண்டுவர நீண்ட நாள் பிடிக்கும் சிப் போன்ற பாகங்களை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதம் வரை இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. எல்லாவற்றிலும் இருப்பைக் கூட்டவில்லை. 2021இன் தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாட்டால் கார் ஆலைகள் நின்றபோது டொயோட்டா மற்றவர்களைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது இதனால்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் கொரோனா அலை பரவித் தொழிற்சாலைகள் அடைத்தபோது, அந்த ஆண்டு செப்டம்பருக்குத் திட்டமிட்ட உற்பத்தியில் 40 விழுக்காட்டை அதுவும் குறைக்க நேர்ந்தது. எவ்வளவு இருப்பும் ஒருநாள் தீரும். இருப்பு நமக்கு வாங்கித் தருவது நாட்களை மட்டுமே. அந்த நாட்களில் யார் நம்மைத் தேடி வந்து உதவுவார்கள் என்பதை முன்பு நாம் நடந்துகொண்ட விதம் தீர்மானிக்கிறது.

இதற்கு நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த சான்று 1997இல் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று விடியற்காலையில் ஐசின் செய்கி நிறுவனத்தின் காரியா ஆலை தீயில் எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் வரும், கைக்கு அடக்கமான பி-வால்வு என்ற பாகத்தில் ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. கையிருப்போ சில மணி நேரத்துக்கே போதுமானது. சில நாட்களுக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றது. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கின. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், விலை என்ன, பணம் எப்போது வரும் என்று பேசி முடிக்காமலேயே வேலையில் இறங்கின. அவற்றில் தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் ஒன்று. கார் பாகம் செய்து பழக்கமில்லாத அவர்களும் தங்கள் இயந்திரத்தை மாற்றியமைத்து வால்வு கடைந்தார்கள். இத்தனை பேரும் ஓடி வந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் ஏமாற்றாமல் வேலை செய்துவந்த நம்பிக்கை. ஒரே ஆலையை நம்பியிருந்தது பெரிய தவறு. அந்தத் தவறிலிருந்து அவர்களை மீட்டது அவர்கள் சேர்த்து வைத்திருந்த உறவு.

நம் ஊரில் அந்த உறவு பெரும்பாலும் பணப்பட்டுவாடாவில் தொடங்குகிறது. நூல் தட்டுப்பாடாக இருக்கும்போது மில் யாருக்கு முதலில் கொடுக்கும்? சாயப்பட்டறையில் மெஷின் ஒழிந்திருக்கும்போது யாருடைய துணி முதலில் இறங்கும்? சொன்ன தேதியில் பணம் கொடுப்பவருடையதுதான். நமக்குக் கூலிக்கு வேலை செய்து தருபவரின் ஜாப் ஒர்க் பில்லை 90 நாள், 120 நாள் என்று இழுத்துக்கொண்டே, இடர் வரும்போது அவர் நமக்காக இரவு ஷிப்ட் ஓட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்த தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து இதற்கு உண்மையான பல்லைக் கொடுத்தது. சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, உங்களுடைய பிரிண்டிங்காரரும் எம்பிராய்டரிக்காரரும் வட்டிக்குக் கடன் வாங்கித் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் விழுந்தால் உங்கள் துணி அவர்கள் கூடத்துக்குள் பூட்டிக் கிடக்கும்.

உறவு நன்றாக இருந்தால் கெட்ட செய்தியும் விரைவாக வந்து சேரும். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் சிறு தீ ஏற்பட்டது. சில நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள், ஆனால் புகையும் நீரும் தூசில்லா அறைகளைக் கெடுத்துவிட்டன. ஒரு வாரத்தில் சரியாகும் என்று பிலிப்ஸ் சொன்னதை நோக்கியா அப்படியே ஏற்கவில்லை. நாள்தோறும் விசாரித்தது, நிலைமை மோசம் என்று தெரிந்தவுடன் மாற்று ஆலைகளில் திறனைப் பிடித்துக்கொண்டது. அதே சிப்பை வாங்கிய எரிக்சனில் செய்தி மேலிடத்துக்குப் போகவே வாரங்கள் ஆயின. சுமார் 40 கோடி டாலர் விற்பனையை அது இழந்தது, அடுத்த ஆண்டு தன் கைப்பேசித் தொழிலை சோனியோடு சேர்த்துக்கொண்டது. ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் உங்கள் மெர்ச்சண்டைசர் "லாட் இரண்டு நாள் தாமதம்" என்று சொல்ல வரும்போது நீங்கள் அவரைத் திட்டினால், அடுத்த முறை அவர் எட்டாவது நாளில்தான் சொல்வார்.

செங்கடலையும் வரியையும் பற்றி ஓரிரு வார்த்தை. 2023 நவம்பரில் தொடங்கிய, ஏமனின் ஹவுதி படையினரின் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது, ஐரோப்பாவுக்கான பயணம் 10 முதல் 14 நாள் வரை நீண்டது. தூத்துக்குடியிலிருந்து போகும் நம் பெட்டிகளில் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கே நெரிசல் வந்தபோது அதிலும் நாட்கள் போயின. கப்பலில் ஏற்றும் வரையான செலவு மட்டும் சேர்ந்த எஃப்.ஓ.பி. விலையில் விற்பவருக்குக் கப்பல் கட்டணம் பையருடையது என்பதால் கவலையில்லை என்று சிலர் இருந்துவிட்டார்கள். ஆனால் பொருள் கடைக்குச் சேர வேண்டிய தேதி மாறவில்லை. அந்த இரண்டு வாரத்தைப் பையர் நம் உற்பத்திக் காலத்திலிருந்து எடுத்துக்கொண்டார், பணமும் அத்தனை நாள் தள்ளி வந்தது. ஆர்டர் எடுக்கும்போதே, கடல்வழி நீண்டால் யார் எத்தனை நாள் சுமப்பது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 விழுக்காடாக்கியது வேறு வகை அடி. சங்கிலியின் வாங்கும் முனையில் விழுந்த அடி. அப்போது திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே பையருக்கு 80 விழுக்காடு தைக்கும் யூனிட்டுக்கு, ஒரே ஆற்றை நம்பிய பட்டறைகளின் நிலைதான். இதைச் சரிசெய்ய இரண்டு மூன்று சீசன் ஆகும் என்பதால், ஆர்டர் நிறைந்திருக்கும் காலத்திலேயே தொடங்க வேண்டும்.

கடைசியாக, ஏற்பாடு வேலை செய்யுமா என்று சோதிக்கும் வழி. எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் முக்கியச் சாயப்பட்டறை இன்று மூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு, உண்மையான ஓர் ஆர்டரின் 200 கிலோ துணியை, வேறு ஆற்றுப் படுகையில் வேறு சுத்திகரிப்பு நிலையத்தோடு இருக்கும் இரண்டாவது பட்டறைக்கு அனுப்புங்கள். துணி வண்டி ஏறிய நேரத்திலிருந்து, ஒப்புதல் பெற்ற ஷேடில் உங்கள் கட்டிங் மேசைக்கு வரும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதல்முறை செய்தபோது ஏழு நாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 19 நாள் ஆனது. சாயமேற்றி உலர்த்திக் காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது) செய்ய நான்கே நாள்தான் பிடித்தது. மீதி நாட்களில் பெரும்பகுதி, அந்தப் பட்டறை சிறு துண்டில் சாயமேற்றிக் காட்டும் லேப் டிப் மாதிரியைப் பையருக்குக் கூரியரில் அனுப்பி, அவர் ஒருமுறை நிராகரித்து, மறுபடி அனுப்பி ஒப்புதல் வாங்கியதில் போயிற்று. அதற்கு அடுத்த சீசனிலிருந்து, நிறங்கள் முடிவான உடனே ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பட்டறைகளிலும் லேப் டிப் செய்து ஒரே உறையில் அனுப்பி, இரண்டுக்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்கிவிடுகிறோம். இரண்டாவது பட்டறைக்கு ஆண்டு முழுவதும் ஐந்தில் ஒரு பங்கு வேலையும் போகிறது. கடந்த முறை அளந்தபோது ஆறு நாள் ஆனது.